அக்காவிடம் கேளுங்கள்: சுற்றுலா விமானத்தில் அம்மாவும் அப்பாவும்

கேள்வி: அக்கா, எங்கள் மகள் மான்செஸ்டர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். அடுத்த ஜூனில் எங்களை அங்கே கூப்பிட்டிருக்கிறாள். நடுவில் ஒரு வாரம் ஸ்பெயினின் டெனரீஃப் தீவுக்கும் போகலாம் என்கிறாள். "அம்மா, அது ஹாலிடே ஏர்லைன், கல்ஃப் பிளைட் மாதிரி இருக்காது" என்று இப்போதே சொல்லி வைக்கிறாள். எனக்குச் சர்க்கரை உண்டு, இன்சுலின் போடுகிறேன். அவருக்கு முட்டுவலி. அந்த விமானத்தில் போக எங்களால் முடியுமா?
– ஒரு வாசகி, கருங்கல்

பதில்: தாராளமாக முடியும், தங்கச்சி. நான் அங்கே வேலை பார்த்த காலத்தில், தக்கலையிலிருந்து வந்திருந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு இதே தீவுக்கு இப்படி ஒரு விமானத்தில்தான் போனேன். அம்மாவுக்கும் சர்க்கரை. அதனால் உங்கள் கவலை எனக்கு நன்றாகப் புரிகிறது.

மகள் சொன்னது சரிதான். திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்கோ தோஹாவுக்கோ போகிற பெரிய விமானங்களில் சாப்பாடும் கம்பளியும் தருவார்கள், எதிரே சினிமா ஓடும். சுற்றுலா விமானம் பெரும்பாலும் நடுவில் ஒரே நடைபாதை உள்ள சின்ன விமானம். முன் சீட்டுக்கும் நம் சீட்டுக்கும் இடையே 28, 29 அங்குலம்தான் இருக்கும். பெட்டிக்கும், விரும்பிய சீட்டுக்கும், சாப்பாட்டுக்கும் தனித்தனியே காசு. சாயா வேண்டுமென்றாலும் வண்டி வரும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். பல விமானங்களில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், கார்டு மட்டும்தான். மகளோ மருமகனோ கூட இல்லாமல் நீங்கள் இருவர் மட்டும் போவதாக இருந்தால் இதை மறக்காதீர்கள்.

ஆனால் விமானத்துக்குள் இருக்கிற சந்தோஷம் வேறு. எல்லோரும் விடுமுறைக்குப் போகிறவர்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்தே நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். தரை இறங்கியதும் கைதட்டுவார்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து தட்டினார்கள். மான்செஸ்டரிலிருந்து நாலரை மணி நேரம்தான்.

விசாவை முதலில் பாருங்கள். இங்கிலாந்து விசாவை வைத்துக்கொண்டு ஸ்பெயினுக்குள் போக முடியாது, ஸ்பெயின் உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தனியாக வேண்டும். இங்கிலாந்துக்கு விசிட் விசாவில் போயிருப்பவர்கள் அங்கிருந்து அதற்கு மனுப் போடுவது பெரும்பாலும் நடக்காது, ஊரிலிருந்தே போட வேண்டும். முதலில் இங்கிலாந்து விசா, அது கையில் வந்ததும் ஸ்பெயின் விசா. இங்கிலாந்து விசாவுக்குப் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தும், ஸ்பெயின் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தும் விண்ணப்பிக்கலாம். ஸ்பெயின் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். விசா இல்லாமல் கவுண்டருக்குப் போனால் ஏற்ற மாட்டார்கள், டிக்கெட் காசும் திரும்பாது. 2025 அக்டோபர் 12-லிருந்து ஷெங்கன் எல்லையில் விரல்ரேகையும் முகப்படமும் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்காக வரிசையில் நிற்க வேண்டிவரும்.

இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடவே போடாதீர்கள். கீழே சரக்கு அறையில் குளிர்ந்து உறைந்தால் மருந்து கெட்டுவிடும். கைப்பையில் வையுங்கள், டாக்டரின் சீட்டு ஆங்கிலத்தில் கூடவே இருக்கட்டும். சாப்பிட எப்போதும் ஏதாவது கையில் வேண்டும். உங்கள் வீட்டுக்காரருக்குச் சக்கர நாற்காலி உதவியை 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் அது சட்டப்படி இலவசம், எவ்வளவு மலிவான டிக்கெட்டாக இருந்தாலும் சரி. நடைபாதை ஓர சீட்டுக்கு மட்டும் காசு கொடுத்துவிடுங்கள். மடக்கியே வைத்திருந்தால் முட்டு பிடித்துக்கொள்ளும். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருந்தால் காலில் ரத்தம் கட்டவும் வாய்ப்பு உண்டு. மணிக்கொருமுறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு இதுதான் முக்கியம்.

திரும்பி வரும்போது டெனரீஃப் தெற்கு விமான நிலையத்தில் எங்கள் விமானம் ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டியது. பலகையில் நேரம் தள்ளித் தள்ளிப் போனது. காரணம் சொல்ல ஆள் இல்லை. கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. அம்மா இன்சுலின் போட்டு, சாப்பிட வேண்டிய நேரம். கைக்குழந்தைக்காரிகள் தரையில் துண்டு விரித்துக் கிடந்தார்கள். நான் கவுண்டருக்குப் போய், "261/2004 என்ற ஐரோப்பிய விதிப்படி எங்களுக்குச் சாப்பாடு தர வேண்டும், என் அம்மா சர்க்கரை நோயாளி" என்றேன். சொன்ன பிறகுதான் மேசைக்கு அடியிலிருந்து சாப்பாட்டுக் கூப்பன் கட்டு வெளியே வந்தது! பிறகு எல்லோருக்கும் கொடுத்தார்கள். அவ்வளவு நேரமும் அது அங்கேயே இருந்திருக்கிறது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

விதி இதுதான். 1,500-லிருந்து 3,500 கிலோமீட்டர் வரையுள்ள பயணத்தில் மூன்று மணி நேரம் தாமதமானால் சாப்பாடும் குடிக்கவும் தர வேண்டும். மறுநாளைக்குத் தள்ளிப் போனால் தங்க ஹோட்டல் தர வேண்டும். ஐந்து மணி நேரம் கடந்தால், பயணமே வேண்டாம் என்று டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். போய்ச் சேரும்போது மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதம் என்றால், தவறு நிறுவனத்துடையதாக இருந்தால், ஒரு ஆளுக்கு 400 யூரோ இழப்பீடு. மான்செஸ்டரிலிருந்து கிளம்பும் பயணத்துக்கு இங்கிலாந்துச் சட்டப்படி 350 பவுண்டு. சுற்றுலா விமானம், சார்ட்டர் விமானம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கும் அதே உரிமைதான்.

நாங்கள் விடியற்காலையில்தான் கிளம்பினோம். விமானத்தில் ஏதோ பழுது என்று பைலட் சொன்னார். ஊர் சேர்ந்ததும் எழுதிக் கேட்டேன். "அசாதாரணச் சூழ்நிலை, இழப்பீடு கிடையாது" என்று பதில் வந்தது. புயல், விமானக் கட்டுப்பாட்டு அறை வேலைநிறுத்தம் போன்றவைதான் அசாதாரணம். வழக்கமான இயந்திரப் பழுது அந்தக் கணக்கில் வராது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது, இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2014-ல் அதையே சொன்னது. இரண்டையும் எழுதி அனுப்பினேன். பணம் வந்தது, அம்மாவுக்கும் எனக்கும்.

முதல் பதிலோடு எத்தனை பேர் விட்டிருப்பார்கள்! நம் ஊர்ப் பெரியவர்கள் வெளிநாட்டில் வாய் திறந்து கேட்கக் கூசுவார்கள், பிள்ளைக்குத் தொந்தரவு என்று பசியோடு இருந்துவிடுவார்கள். நீங்கள் அப்படி இருக்காதீர்கள், தங்கச்சி. போர்டிங் பாஸ், பலகையின் போட்டோ, சாப்பாட்டு ரசீது எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் வழக்குப் போட ஆறு ஆண்டு வரை அவகாசம் உண்டு.

கேள்வி: இந்த மாதிரி சுற்றுலா விமானக் கம்பெனிகள் திடீரென்று மூடிவிடுகின்றன என்கிறார்களே. என் மகன் லண்டனில் இருந்துகொண்டு முழுப் பணமும் கட்டிவிட்டான். என்ன பாதுகாப்பு?
– ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: பயம் நியாயமானதுதான். 178 ஆண்டு பழைய பிரிட்டிஷ் சுற்றுலா நிறுவனமான தாமஸ் குக், 2019 செப்டம்பர் 23 அன்று அதிகாலையில் மூடியது. அதற்கு முன் 2017 அக்டோபரில் மோனார்க் என்ற விமான நிறுவனம். தாமஸ் குக் மூடிய நாளில் சுமார் ஒன்றரை லட்சம் பிரிட்டிஷ் பயணிகள் வெளிநாட்டில் இருந்தார்கள், பிரிட்டிஷ் அரசு விமானம் அனுப்பிக் கூட்டிவந்தது. (நம் நாட்டில் அதே பெயரில் இருப்பது தனி நிறுவனம், அதற்கு ஒன்றும் ஆகவில்லை.)

மகன் எப்படி வாங்கினார் என்று கேளுங்கள். விமானமும் ஹோட்டலும் சேர்ந்த பேக்கேஜ் என்றால் 'ஏட்டால்' (ATOL) என்ற பணப் பாதுகாப்புச் சான்றிதழ் கொடுத்திருப்பார்கள். நிறுவனம் கவிழ்ந்தால் பணம் திரும்பும், போன இடத்தில் மாட்டிக்கொண்டவர்களையும் ஊருக்குக் கொண்டுவந்து விடுவார்கள். வெறும் சீட்டை மட்டும் விமான நிறுவனத்திடம் நேரடியாக வாங்கியிருந்தால் பெரும்பாலும் அது கிடையாது. அப்போதும் அங்குள்ள வங்கியின் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், டிக்கெட் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000-க்குள் என்றால் வங்கியிடம் கேட்கச் சட்டத்தில் வழி உண்டு. டெபிட் கார்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

கேள்வி: திருவனந்தபுரத்திலிருந்து மான்செஸ்டரில் இறங்கி, அன்றைக்கே சுற்றுலா விமானம் பிடித்துவிடலாமா? ஒரு ராத்திரி ஹோட்டல் செலவு மிச்சமாகுமே.
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். இரண்டும் தனித்தனி டிக்கெட். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது உங்களுக்காக நிற்காது, பணமும் போகும். குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். வளைகுடாவில் மாறி வந்த களைப்பு வேறு. ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போங்கள்.

கேள்வி: ஊர்ப் பலகாரம் என்னென்ன கொண்டு போகலாம், அக்கா?
– ஒரு வாசகி, குளச்சல்

பதில்: முந்திரிக்கொத்து, ஏத்தங்காய் சிப்ஸ் தாராளமாகக் கொண்டு போகலாம். பால்கோவா, நெய், இறைச்சி வேண்டாம். இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கும் தடை, அங்கிருந்து ஸ்பெயினுக்கும் தடை. தேங்காய் எண்ணெயும் ஊறுகாயும் பெரிய பெட்டியில் போகட்டும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் இருந்தால் பல விமான நிலையங்களில் சோதனையில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். சுற்றுலா விமானத்தில் எடைக்கு எடை காசு வாங்குவார்கள் என்பதால், ஸ்பெயினுக்கு ஒரு சின்னப் பொட்டலம் போதும், மீதியை மகள் வீட்டில் வைத்துவிடுங்கள்.