மிக் ஜாகர் வழக்கில் வந்த ‘நிபந்தனை விடுவிப்பு’ என்றால் என்ன?

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் பாடகர் மிக் ஜாகருக்கு 1967 ஜூனில் 3 மாதச் சிறை விதித்தார்கள். ஜூலை 31-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிபந்தனை விடுவிப்பாக மாற்றியது. அதாவது குற்றம் நிரூபணமானது சரி, ஆனால் இப்போதைக்குத் தண்டனை கிடையாது. குறிப்பிட்ட காலத்துக்குள் மறுபடி குற்றம் செய்தால் பழையதற்கும் சேர்த்துத் தண்டிக்கலாம். தப்பு செய்த பையனின் பெயரை எழுதிக்கொண்டு, ‘இன்னொரு தடவை மாட்டினால் இதற்கும் சேர்த்து அடி’ என்று வாத்தியார் உட்காரச் சொல்வாரே, அதுபோல.

ஏன் இப்படி? அதே குழுவின் கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸுக்கு இங்கிலாந்தின் சசெக்ஸில் இருந்த வீட்டில் போலீஸ் சோதனையிட்டபோது, ஜாகர் பெயரில் சிக்கியவை நாலே நாலு ஆம்ஃபெட்டமின் (ஊக்கமருந்து) மாத்திரைகள். இத்தாலியில் சட்டப்படி வாங்கியவை. பிரிட்டனில் டாக்டர் சீட்டு வேண்டும். அவருடைய டாக்டர் வாய்மொழியாகச் சம்மதித்ததாகச் சாட்சி சொல்லியும், அது சீட்டுக்கு ஈடாகாது என்றார் விசாரணை நீதிபதி. இதற்குப் போய் சிறையா? பழமைவாதப் பத்திரிகையான தி டைம்ஸே, பேர் தெரியாத இளைஞனாக இருந்தால் இவ்வளவு தண்டனை கிடைத்திருக்குமா என்று தலையங்கத்தில் கேட்டது. நியாயமான கேள்வி.

மேல்முறையீட்டில் ஜாகர், அதே சோதனையை அடுத்துத் தண்டிக்கப்பட்ட ரிச்சர்ட்ஸ் இருவருமே நிரபராதிகள் ஆனார்கள் என்று பலர் நினைக்கிறார்கள்; குற்றத்தீர்ப்பே ரத்தானது ரிச்சர்ட்ஸுக்கு மட்டும்தான், ஜாகரின் குற்றத்தீர்ப்பு அப்படியே நின்றது.