ஈறு வெளுத்த நாய்: ரத்த அறிக்கை என்ன சொல்கிறது?

கேள்வி: செங்கல்பட்டில் வசிக்கிறோம். எங்கள் லேப்ரடார் நாய்க்கு ஐந்து வயது, எடை 28 கிலோ. பத்து நாட்களாகச் சோர்ந்து படுத்திருக்கிறது, சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது, ஈறு வெளுத்துவிட்டது, சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகிறது. சென்ற மாதம் உடம்பெல்லாம் உண்ணி இருந்தது. மனிதர்களுக்குப் பரிசோதனை செய்யும் ஆய்வுக்கூடம் ஒன்றில் ரத்தம் கொடுத்தோம். ஹீமோகுளோபின் 5.4, பி.சி.வி. 16, சிவப்பணுக்கள் 23 லட்சம், எம்.சி.வி. 70, தட்டணுக்கள் 62,000, மொத்தப் புரதம் 7, பிலிருபின் 1.4 என்று வந்திருக்கிறது. எம்.சி.வி.க்கு எதிரே ‘குறைவு’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்த உறவினர், இது இரும்புச்சத்துக் குறைபாடு, டானிக்கும் ஈரலும் கொடுத்தால் போதும் என்கிறார். ரத்தம் ஏற்ற வேண்டியிருக்குமா? வீட்டிலிருக்கும் இன்னொரு நாயின் ரத்தத்தைக் கொடுக்கலாமா?

பதில்: முதலில், டானிக் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு நாளைக்கூடக் கழிக்காதீர்கள், இன்றே நாயைக் கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நூறு பங்கு ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை பங்கு என்பதைச் சொல்லும் பி.சி.வி., நலமாக உள்ள நாய்க்கு 37 முதல் 55 வரை இருக்கும். உங்கள் நாய்க்கு அது 16 என்றால், உடம்புக்குப் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஆற்றலில் பாதிக்கு மேல் போய்விட்டது என்று பொருள். காரில் ஏற்றும்போது தூக்கி ஏற்றுங்கள். நடக்கவோ ஓடவோ விடாதீர்கள்.

உறவினர் அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார், ஆனால் அவரை ஏமாற்றியது அந்த அச்சிட்ட ‘குறைவு’ என்ற சொல். ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமனைச் சொல்லும் எம்.சி.வி. மனிதருக்கு 80 முதல் 100 வரை இருக்க வேண்டும். நாயின் சிவப்பணு இயல்பிலேயே சிறியது. அதற்கு 60 முதல் 77 வரை சரியான அளவு. ஆய்வுக்கூடத்துக் கணினி உங்கள் நாயை ஒரு மனிதராக எண்ணிக்கொண்டு 70 என்ற எண்ணைக் குறைவு என்று காட்டியிருக்கிறது. நாயின் கணக்கில் அது முற்றிலும் இயல்பான எண். இரும்புச்சத்துக் குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும்; இங்கே சிறுக்கவில்லை. இதே தவற்றைப் பல அறிக்கைகளில் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. ராஜபாளையம் நாய் ஒன்றை ஒரு மாதம் டானிக் புகட்டியபின் என்னிடம் தூக்கிவந்தார்கள். உதட்டை விலக்கிப் பார்த்தபோது ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர்போல இருந்தது, பி.சி.வி. 11. அந்த ஒரு மாதத்தை அது இழந்திருக்க வேண்டியதில்லை.

இரத்தசோகை என்பது நோயின் பெயர் அன்று, ஓர் அடையாளம். ரத்தம் வெளியே ஒழுகிப் போகிறதா, உள்ளேயே உடைகிறதா, அல்லது எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியே நின்றுவிட்டதா என்று கண்டுபிடிப்பதுதான் மருத்துவரின் வேலை. உங்கள் அறிக்கையில் அதற்கான தடயம் இருக்கிறது. ரத்தம் வெளியேறினால் சிவப்பணுக்களோடு புரதமும் சேர்ந்தே போகும்; உங்கள் நாய்க்குப் புரதம் 7, அதாவது குறையவில்லை. உடைந்த சிவப்பணுக்களிலிருந்து வரும் மஞ்சள் நிறப் பொருளான பிலிருபின், நாய்க்கு அரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, இங்கே 1.4 இருக்கிறது. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போவதும் இதனோடு ஒத்துப்போகிறது. கல்லீரல் நோயாலும் பிலிருபின் உயரலாம் என்றாலும், இந்த எண்களைச் சேர்த்துப் பார்க்கும்போது சிவப்பணுக்கள் உடலுக்குள்ளேயே உடைகின்றன என்றே நான் முதலில் ஐயுறுவேன். அப்படி உடையும்போது அவற்றிலுள்ள இரும்பு உடலுக்கே திரும்பக் கிடைத்துவிடுவதால், அங்கே இரும்புக்குப் பஞ்சமில்லை; டானிக்கால் பயனும் இல்லை. ஈரலை வெங்காயம், பூண்டு போட்டு வதக்கிக் கொடுப்பதோ நேரடியாகத் தீங்கு செய்யும், ஏனெனில் இவ்விரண்டும் நாயின் சிவப்பணுக்களை மேலும் உடைக்கும்.

உண்ணி, குறைந்த தட்டணு (ரத்தம் உறைய உதவும் அணு), உடையும் சிவப்பணு ஆகிய மூன்றும் சேர்ந்தால் நம் ஊரில் பேபீசியா, எர்லிக்கியா என்ற இரண்டு பெயர்களும் உடனே நினைவுக்கு வர வேண்டும். பேபீசியா சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கும் ஒட்டுண்ணி. எர்லிக்கியா வெள்ளையணுக்களில் வாழும் நுண்ணுயிரி, தட்டணுக்களைக் குறைத்து, நாள்பட்டால் மஜ்ஜையையே முடக்கிவிடும். இரண்டும் ஒரே நாயில் இருப்பது அரிதன்று.

அறிக்கையில் இல்லாத இரண்டு விவரங்களை மருத்துவரிடம் கேளுங்கள். ஒன்று, ரெட்டிகுலோசைட் எனப்படும் இளம் சிவப்பணுக்களின் எண்ணிக்கை. ரத்தம் குறைந்த மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் மஜ்ஜை இவற்றை வெளியே அனுப்பத் தொடங்கும். எடுத்துக்காட்டாக, உங்கள் நாயின் 23 லட்சம் அணுக்களில் இளம் அணுக்கள் 5 சதவீதம் இருந்தால் அது 1,15,000. ஒரு மைக்ரோலிட்டரில் 60,000க்கு மேல் இருந்தாலே மஜ்ஜை உழைக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம். மற்றொன்று, கண்ணாடி வில்லையில் தேய்த்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் ரத்தப் பூச்சு. காது நுனியில் குத்தி எடுக்கும் ஒரு துளியில் பேபீசியா கண்ணில் படும் வாய்ப்பு கூடுதல். இயந்திரம் சொன்ன 62,000 தட்டணுக்கள் உண்மைதானா, அவை கொத்தாக ஒட்டிக்கொண்டதால் வந்த பொய்க்கணக்கா என்பதும் அதே வில்லையில் தெரிந்துவிடும். கூடவே ஒரு துளி ரத்தத்தை உப்புநீரில் கலந்து வில்லையை மெல்ல அசைத்துப் பார்ப்போம். நீரில் கரையாமல் சிவப்புத் துகள்களாக அணுக்கள் திரண்டு நின்றால், உடலின் எதிர்ப்பாற்றலே தன் சிவப்பணுக்களைத் தாக்குகிறது என்று அறியலாம். பூச்சில் கிருமி தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது; அப்போது கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை உதவும். மருந்து தொடங்குமுன் அதற்கான ரத்தத்தை எடுத்துவைப்பது நல்லது.

பேபீசியாவில் எந்த வகை என்று அறிவதும் முக்கியம், பெரிய வகைக்குக் கேட்கும் இமிடோகார்ப் ஊசி, கிப்சோனி என்ற சிறிய வகையை ஒழிப்பதில்லை. அதற்கு அடோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்துத் தர வேண்டியிருக்கும். எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் 28 நாட்கள். ஒரு வாரத்தில் நாய் வாலாட்டத் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சலுக்கு என்று வீட்டிலுள்ள பாராசிட்டமாலைக் கொடுக்கவும் வேண்டாம்.

ரத்தம் ஏற்றுவதை எண் மட்டும் தீர்மானிப்பதில்லை. மூச்சு வாங்குகிறதா, நாடி எவ்வளவு வேகம், பி.சி.வி. எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்பவற்றைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். பத்து நாட்களாகச் சோர்ந்து, உண்ணாமல் கிடக்கும் நாய்க்கு 16 என்பது ஏற்றுவதற்குத் தயாராக இருக்க வேண்டிய அளவு. ஒரு கிலோ எடைக்கு 2 மி.லி. முழு ரத்தம் பி.சி.வி.யை ஏறக்குறைய 1 உயர்த்தும் என்பது எங்கள் கணக்கு. 28 கிலோ நாய்க்கு 450 மி.லி. ஏற்றினால் 24 அளவுக்கு வரும். மருந்து வேலை செய்வதற்கான அவகாசத்தை அது வாங்கித் தரும். சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நாய்களுக்கான ரத்த வங்கி இருக்கிறது. புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் இன்னொரு நாய் 25 கிலோவுக்கு மேல் எடையும் ஒன்று முதல் எட்டு வயதுக்குள்ளும் இருந்து, தடுப்பூசிகள் முறையாகப் போட்டிருந்தால் கொடையாளியாகத் தகுதி பெறலாம். ஆனால் அதே உண்ணிகள் அதையும் கடித்திருக்கும். நலமாகத் தெரிந்தாலும் அதன் ரத்தத்தில் கிருமி மறைந்திருக்கக்கூடும். ஆகவே அதன் ரத்தத்தைப் பேபீசியாவுக்கும் எர்லிக்கியாவுக்கும் சோதிக்காமல் ஒரு துளியும் ஏற்றக் கூடாது. இரண்டு நாய்களையும் ஒன்றாகவே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.