பீரியட்ஸ் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

கேள்வி: எனக்கு 35 நாளுக்கு ஒருமுறைதான் பீரியட்ஸ். 14-ஆம் நாளைத் தவறவிடாமல் 8 மாதமாக முயல்கிறோம். ஏன் கரு நிற்கவில்லை?

பதில்: 14 என்பது 28 நாள் சுழற்சிக்காரர்களின் கணக்கு. கருமுட்டை வெளிவந்த பின் அடுத்த மாதவிலக்கு வர ஏறக்குறைய 14 நாள் ஆகும். இந்தப் பின்பாதி அவ்வளவாக மாறாது. இழுத்துக்கொண்டு போவது முன்பாதிதான். 35-இல் 14 போனால் 21. அந்த நாள் வாக்கில்தான் உங்களுக்கு முட்டை வரும். நீங்கள் முயன்ற நாளில் முட்டை இன்னும் முதிர்ந்தே இருக்காது. அப்புறம், முட்டை வந்ததா என்று பார்க்க '21-ஆம் நாள் புரோஜெஸ்டிரோன்' என்று எழுதிக்கொடுக்கும் ஹார்மோன் ரத்தப் பரிசோதனையையும் நீங்கள் 28-ஆம் நாள் வாக்கில்தான் எடுக்க வேண்டும். 21-இல் எடுத்துவிட்டு 'முட்டையே வரவில்லையாம்' என்று கண்கலங்கி வருபவர்கள் உண்டு.

கேள்வி: கணவருக்கு வெளியூரில் வேலை, ஞாயிறு மட்டும்தான் வீட்டில் இருப்பார். முட்டை வரும் அந்த ஒரு நாள் தவறினால் மாதமே வீணா?

பதில்: இல்லை. ஆயுள் குறைவு முட்டைக்குத்தான், 12 முதல் 24 மணி நேரம். விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரைகூடத் தாக்குப்பிடிக்கும். ஞாயிறு சேர்ந்து செவ்வாய் முட்டை வந்தாலும் கரு நிற்கலாம். முட்டை வந்த மறுநாள் சேர்ந்தால்தான் வாய்ப்பு அநேகமாகப் போய்விடும்.

கேள்வி: முட்டை வரும் நாளைச் சிறுநீரில் பார்த்துச் சொல்லும் கிட் வாங்காமல் அந்த நாளைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: வெள்ளைப்படுதலைக் கவனியுங்கள். முட்டை வரும் நாள் நெருங்க நெருங்க அது பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழப்பாகும். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து இழுத்தால் அறுபடாமல் நூலாக நீளும். நீண்டால், அன்றிலிருந்தே ஒருநாள் விட்டு ஒருநாளாவது சேருங்கள். அரிப்போ துர்நாற்றமோ இருந்தால் அது வேறு சமாச்சாரம், டாக்டரிடம் காட்டுங்கள். காலையில் எழுந்ததும் உடல் சூடு பார்க்கும் முறையை நான் அவ்வளவாகச் சொல்வதில்லை. முட்டை வந்த பிறகுதான் சூடு ஏறும். பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்களைக் கிட்கூட ஏமாற்றலாம். அவர்களுக்கு முட்டை வளர்வதைப் பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்கேன்தான் சரி.

கேள்வி: வயது 29. கல்யாணமாகி 14 மாதம். என்னை மட்டும் டாக்டரிடம் போகச் சொல்கிறார் மாமியார்.

பதில்: போக வேண்டிய நேரம்தான். 35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம், தாண்டினால் 6 மாதம் பார்த்தால் போதும். பீரியட்ஸ் சீராக இல்லாதவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். ஆனால் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களுக்குக் கருக்குழாயில் அடைப்பு உண்டா என்று பார்க்கும் ட்யூப் டெஸ்ட் செய்வதற்கு முன்பே அவருடைய விந்துப் பரிசோதனையை முடித்துவிடலாம். அதற்கு ஊசி, மருந்து எதுவும் கிடையாது, ஒரு சின்ன டப்பா போதும்.