கழுவினால் போதாதா அக்கா?

சென்ற இதழில் வீட்டில் பியர் காய்ச்சுவதைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் செய்முறை கேட்டவை இரண்டோ மூன்றோதான். மிச்சமெல்லாம் கழுவுவதைப் பற்றி. அதிலும் பாதி, "கழுவாமல் விட்டால் என்ன?" என்ற ரகம். லண்டனில் ஒரு மருத்துவமனையின் நிலவறையில் 22 வருடம் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவி அவித்துக் கொடுத்தவள் நான். 12 வருடமாகக் குசினியில் பியரும் காய்ச்சுகிறேன். முதல் தொழிலில் படித்ததை இரண்டாவதில் எப்படி மறந்தேன் என்ற வெட்கக்கேடும் கீழே வருகிறது.

வாளியைப் பாத்திரம் கழுவும் திரவம் போட்டு, சுடுதண்ணீரில் மூன்று தரம் கழுவினேன். பளபளவென்று இருக்கிறது. அதற்கு மேலும் ஒரு மருந்து வேண்டுமாம், கடைக்காரர் சொல்கிறார். வியாபாரத் தந்திரமா அக்கா?
— 'வாளிக்காரன்', ஹரோ

தந்திரம் இல்லைத் தம்பி. கழுவுவது ஒரு வேலை, கிருமியை அடக்குவது வேறு வேலை. மருத்துவமனையில் 134 பாகை நீராவியில் மூன்று நிமிடம் வைத்துக் கருவிகளை எடுப்போம். ஆனால் அதற்கு முன் இரத்தக்கறை ஒரு பொட்டு இருந்தாலும் மேற்பார்வையாளர் தட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார். அழுக்கை அவித்தால் கிடைப்பது அவித்த அழுக்குத்தான். நீங்கள் முதல் பாதியை ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள். இரண்டாவது பாதிதான் பாக்கி.

மோல்ட் (முளைக்க விட்டுக் காயவைத்த பார்லி) சாற்றை ஒரு மணித்தியாலம் கொதிக்க வைக்கும்போது அதில் பியரைக் கெடுக்கக்கூடியதெல்லாம் செத்துவிடும். பிறகு 20 பாகைக்கு ஆற வைக்கிறீர்களே, ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. இளஞ்சூடு, நிறையச் சீனி, ஈஸ்ட் இன்னும் வேலை தொடங்கவில்லை. ஆறிய பிறகு அதைத் தொடும் வாளி, மூடி, கரண்டி, ரியூப், வெப்பமானி, உங்கள் கை எல்லாம் கிருமிநாசினியில் நனைந்திருக்க வேண்டும். கொதிக்கும் பானைக்குள் போகும் அகப்பைக்கு இந்த மரியாதை தேவையில்லை.

இன்னொன்று, அந்தப் பளபளப்பு பாத்திரம் தேய்க்கும் பச்சைத் தும்பால் தேய்த்து வந்ததென்றால் வாளியை உடுப்பு ஊற வைக்கக் கொடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக்கில் விழும் கீறல் ஒவ்வொன்றும் பக்டீரியாவுக்கு ஒரு பதுங்குகுழி. மெல்லிய துணி போதும். காய்ந்து ஒட்டிய ஈஸ்ட் வளையத்துக்கு, சுப்பர்மார்க்கெட்டில் கறை நீக்க விற்கும் சோடியம் பெர்கார்பனேட் தூளைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற விடுங்கள். தானாகவே கழன்று வரும். போத்தலில் ஒட்டிய பழைய லேபிளும் அதிலேயே உரிந்து மிதக்கும்.

அம்மா தோசை மாவை வெறுங்கையால்தான் கரைத்து வைப்பா. கை பட்டால்தான் பொங்கும் என்பா. ஐம்பது வருடத்தில் ஒருதரமும் பழுதாகவில்லை. பியருக்கு மட்டும் ஏன் இந்த ஆசாரம்?
— 'மாவுப் பானை', ஈஸ்ட்ஹாம்

வந்த கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான். தோசை மாவைப் புளிக்க வைப்பவை உளுந்திலும் அரிசியிலும் இருந்தே வரும் லாக்டிக் அமில பக்டீரியாக்கள். அவை கூட்டமாக வந்தால்தான் அம்மாவுக்குச் சந்தோஷம். இராத்திரி கரைத்து வைத்தால் காலையில் கல்லில் போய்விடும். புளிப்பு அங்கே ருசி. கடைசியில் நெருப்பும் இருக்கிறது.

பியரில் அதே கூட்டத்தின் சொந்தக்காரர்கள்தான் திருடர்கள். இரண்டு கிழமை வாளியில், பிறகு இரண்டு மூன்று கிழமை போத்தலில், கடைசியில் அடுப்புக்குப் போகாமல் நேரே வாய்க்கு. ஒரு சொட்டுக் கிருமிக்கு ஒரு மாத விடுமுறை கொடுத்தது போல. உங்கள் அம்மா மாவுக்குள் எல்லோரையும் கூப்பிட்டுக் கல்யாணம் நடத்துகிறா. நாங்கள் ஈஸ்ட் ஒன்றுக்கு மட்டும் அழைப்பிதழ் கொடுத்துவிட்டு வாசலில் காவல் நிற்கிறோம்.

ஊரில் இதைத் தெரியாமலா இருந்தார்கள்? பனையில் கட்டும் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் புளிக்காத கருப்பணி (பதநீர்), தடவாவிட்டால் கள்ளு. முட்டியின் உட்சுவரில் என்ன இருக்கிறது என்பதுதான் மாலையில் என்ன குடிப்பீர்கள் என்பதைத் தீர்மானிக்கிறது.

வாளியிலிருந்து பியரை இறக்கும்போது என் அவர் ரியூப்பை வாயால் உறிஞ்சித்தான் தொடக்குவார். கேட்டால், முதலில் விஸ்கியால் கொப்பளித்துவிட்டேன், அது கிருமிநாசினிதானே என்கிறார்.
— பெயர் வேண்டாம், இல்ஃபோர்ட்

அவருடைய விஞ்ஞானம் புரிகிறது. இறக்கி முடிய எத்தனை தரம் கொப்பளிக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். நாற்பது வீதச் சாராயத்தை ஐந்து வினாடி வாயில் சுழற்றினால் பல்லிடுக்கில் இருப்பவர்கள் சாகமாட்டார்கள், கொஞ்சம் உற்சாகமாகலாம். வாய் முழுக்க லாக்டிக் பக்டீரியா. ரியூப்பைக் கிருமிநாசினிக் கரைசலால் நிரப்பி, நுனியை விரலால் அடைத்துக்கொண்டு மற்ற நுனியைப் பியருக்குள் விடச் சொல்லுங்கள். விரலை எடுத்தால் கரைசல் முதலில் ஒரு கோப்பைக்குள் ஓடும், பியர் பின்னால் வரும். விஸ்கியை அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.

பைப் உள்ள வாளி வாங்கினேன். ஒவ்வொரு தடவையும் பைப்பைக் கழற்ற வேண்டுமா? கரைசலைத் திறந்து ஓட விட்டால் போதாதா?
— 'சோம்பேறி', சவுத்ஹோல்

இதுதான் நான் சொன்ன வெட்கக்கேடு. நானும் ஓடவிட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆறாவது வருடம், தொடர்ந்து மூன்று தரம் காய்ச்சியது கெட்டது. முதல் தரம் லேசான புளிப்பு, எலுமிச்சை போட்டதுபோல என்று கணவர் சமாளித்தார். இரண்டாவதில் ஈஸ்ட் பாக்கெட்டைக் குறை சொன்னேன். மூன்றாவதைப் போத்தலில் அடைத்து, சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கும் அலுமாரிக்குள் துவாய்களுக்கு நடுவே வைத்திருந்தோம். இரவு இரண்டு மணிக்கு 'டமார்'. கணவர் கிரிக்கெட் மட்டையோடு கீழே ஓடினார், கள்ளன் என்று நினைத்து. கள்ளன் மேலே, துவாய்க்குள். நல்ல ஈஸ்ட் சாப்பிடாமல் விடும் சீனிகளையும் வெளியிலிருந்து வந்த சில காட்டு ஈஸ்ட்கள் விடாது. மூடிய போத்தலுக்குள் வாயு ஏறிக்கொண்டே போகும்.

அடுத்த நாள் பைப்பைக் கழற்றிச் சுடுதண்ணீரில் போட்டேன். பிளாஸ்டிக் இளகியதும் அகப்பைக் காம்பால் தள்ள, உள்ளே சுழலும் உருளை தனியாக வந்தது. இவ்வளவு காலமும் அது கழலும் என்றே எனக்குத் தெரியாது. அதைச் சுற்றி மண்ணிறத்தில் ஒரு படை, வெண்டிக்காய் வழுவழுப்பு. நடுவில் போன வருடத்து ஹொப் (பியருக்குக் கசப்புத் தரும் பூ) துணுக்கு ஒன்று பச்சை மாறாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. மணம், மூன்று நாள் ஈரமாய்க் கிடந்த தரைத்துணி. கத்தரிக்கோலின் மூட்டு இணைப்பைத் திறந்து கழுவு பிள்ளை, திறந்து கழுவு என்று புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு 22 வருடம் படிப்பித்தவள் நான்.

கழற்றுங்கள். ஒவ்வொரு தடவையும்.

அமிலக் கிருமிநாசினியைக் கரைத்தால் நுரை மலைபோல வருகிறது. அலச வேண்டாம் என்று போத்தலில் எழுதியிருக்கிறது. நுரையோடு பியரை ஊற்றினால் வயிற்றுக்கு ஒன்றும் செய்யாதா?
— 'பயந்தாங்கொள்ளி', லெஸ்டர்

ஸ்டார் சான் வகையைத்தான் சொல்கிறீர்கள் போல. பொஸ்போரிக் அமிலமும் நுரைக்கும் பொருளும் சேர்ந்தது. கோலாவில் இருப்பதும் அதே அமிலம்தான். 19 லீட்டருக்கு 30 மில்லி என்ற அளவை மீறாதவரை, எஞ்சும் நுரை பியருக்கும் உங்களுக்கும் ஒன்றும் செய்யாது. இரண்டு நிமிடம் நனைந்திருக்கட்டும், கவிழ்த்து ஊற்றுங்கள், அவ்வளவுதான். பச்சைத் தண்ணீரில் அலசினால் கொன்ற கிருமிக்குப் பதில் புதுக் கிருமியைக் குடிவைத்த மாதிரி. எங்கள் லண்டன் பக்கத்துத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், கரைசல் கலங்கிப் போகும். ஸ்பிரே போத்தலில் பல நாள் வைத்துப் பாவிக்க நினைத்தால் அயன் நீக்கிய (டீஅயனைஸ்ட்) தண்ணீரில் கரையுங்கள்.

பிளீச் மலிவு. அதோடு கொஞ்சம் வினாகிரியும் சேர்த்தால் இன்னும் வேகமாகக் கொல்லுமாம், மச்சான் சொன்னான்.
— 'சிக்கனம்', நியூமோல்டன்

மச்சானைக் குசினிக்குள் விடாதீர்கள். பகிடி இல்லை, பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் பூட்டிய சிறிய குசினியில் அது நுரையீரலைப் பதம் பார்க்கும். தனிப் பிளீச்சும் எனக்குப் பிடிக்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பொத்தலாக்கும். சரியாக அலசாமல் விட்டால் மோல்ட்டோடு சேர்ந்து, தொண்டை நோவுக்குக் கொப்பளிக்கும் டிசிபி மருந்தின் வாசம் பியருக்கு வந்துவிடும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினுக்கே அந்தக் குணம் உண்டு. காய்ச்சும் தண்ணீர் 20 லீட்டருக்கு, குளோரினைப் போக்கும் கம்ப்டன் மாத்திரை அரை போடுங்கள்.

போத்தல்களை டிஷ்வாஷரில் போடலாமா?
— 'அவசரம்', ஹன்ஸ்லோ

போடலாம், ஒழுங்காகக் கழுவுப்படாது. கழுத்து ஒடுக்கம், தண்ணீர் உள்ளே ஏறாது. பளபளப்புத் திரவம் உள்ளே ஒட்டினால் பியரின் நுரை நிற்காது. குடித்து முடிந்த உடனே மூன்று தரம் தண்ணீர் விட்டுக் குலுக்குங்கள், பாதி வேலை முடிந்தது.

உண்மையைச் சொல்கிறேன் அக்கா, நான் பச்சைத் தண்ணீரில் அலசுவதோடு சரி. நாலு தரம் காய்ச்சினேன், நாலும் அருமை. இவ்வளவு பயமுறுத்தல் தேவையா?
— 'அதிர்ஷ்டசாலி', குரொய்டன்

நம்புகிறேன். வாளி புதிது, கீறல் இல்லை. ஈஸ்ட்டை நிறையப் போட்டிருப்பீர்கள், அது முந்திக்கொண்டது. பிறகு ஹொப்பின் கசப்பும் சாராயமும் அமிலத்தன்மையும் சேர்ந்து உங்களுக்காகக் காவல் நின்றன. கெட்டாலும் பெரும்பாலும் ருசிதான் கெடும், ஆளைக் கொல்லும் கிருமிகளுக்குப் பியர் வசதியான வீடு இல்லை. எனக்கும் முதல் ஐந்து வருடம் அப்படித்தான் போனது.

ஐந்தாவதைக் காய்ச்சினால் எனக்கும் இரண்டு போத்தல் தாருங்கள். தபாலில் வேண்டாம், கையில் கொண்டுவாருங்கள். துவாய் சுற்றி.