விழாத ஓலை

வணக்கம் ஐயா,

கனடாவின் ஸ்காபரோவில், ரூஜ் பள்ளத்தாக்கு நடைபாதையில் வார இறுதிகளில் நடக்கிறேன். நவம்பர் பாதி போய்விட்டது. மேப்பிள்கள் எல்லாம் மொட்டை. சின்ன பீச் மரங்கள் மட்டும் காய்ந்த இலைகளை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஏதும் நோயா? குருவிகளும் போய்விட்டன. சிறுவயதில் ஊரை விட்டு வந்தவள் நான். இந்த நாட்களில் அங்கே என்ன இருக்கும்?

ஒரு வாசகி

வணக்கம்.

நோயில்லை, பயப்படாதீர்கள். இலை விழுவதற்குக் காம்படியில் ஒரு வெட்டுப்படலம் உண்டாக வேண்டும். பீச், ஓக் இரண்டிலும், முக்கியமாக இளமரங்களில், அது இலையுதிர் காலத்தில் முழுதாக உண்டாவதில்லை. இலை காய்ந்து சுருண்டு அப்படியே தொங்கும். அநேகமாக வசந்தத்தில் புது அரும்பு விடும்போதுதான் விழும். மான் அரும்பைக் கடிக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்பார்கள். இருக்கலாம்.

உங்கள் ஊர்ப் பனையும் இதே சாதிதான். காவோலை, அதாவது காய்ந்த ஓலை, லேசில் விழாது. முன்பு வேலிக்கும் கூரைக்கும் ஓலை தேவைப்பட்டதால் மரத்தில் விட்டுவைக்க மாட்டார்கள். இப்போது ஒழுங்கைக்கு ஒழுங்கை மதில். வெட்ட ஆளும் இல்லை. அதனால் யாழ்ப்பாணத்தில் வல்லைவெளிப் பக்கம் போனால் காவோலைப் பாவாடை கட்டிய பனைகளைப் பார்க்கலாம். பார்க்க அலங்கோலம் என்று அயலார் சொல்வார்கள். எனக்கு அதுதான் விருப்பம், ஏனென்றால் அதற்குள் பனை உழவாரன் என்ற குருவி இருக்கிறது. தரையில் நடக்க உதவாத குட்டைக் கால். ஓலையில் செங்குத்தாகத் தொற்றிக்கொள்ளும். தொங்கும் ஓலையின் உட்பக்கம் இறகையும் பஞ்சையும் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும். முட்டையையும் ஒட்டித்தான் வைக்கும். இல்லாவிட்டால் வாடைக்காற்று ஒரு வீச்சில் கொண்டுபோய்விடுமே.

குருவிகள் போய்விட்டன என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பத்தையடியைக் குனிந்து பாருங்கள். சாம்பல் முதுகும் வெள்ளை வயிறுமாக, பறக்கும்போது வாலோரத்தில் வெள்ளை தெரிந்தால் அது ஜங்கோ. வடக்குக் காடுகளிலிருந்து குளிர்காலத்துக்கு உங்கள் பக்கம் இறங்கி வருவது. அதற்கு ஸ்காபரோதான் தெற்கு!

இங்கே கார்த்திகை பிறந்துவிட்டது. மழை விட்ட நேரத்தில் கிளுவை வேலியில் கார்த்திகைப்பூ, அதாவது செங்காந்தள். அதன் இலையைக் கவனியுங்கள்: நுனியே சுருண்டு கொழுகொம்பைப் பிடித்து ஏறுகிறது. பூ பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, நாள் போகச் சிவக்கும். கிழங்கு கடும் நஞ்சு. பிள்ளைகளைத் தோண்டவிடக் கூடாது.

அப்புறம், ஆறுமணிக்குருவியும் வந்துவிட்டது. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருவது. விடியவும் பொழுதுபடவும் ஆறு மணியளவில் கத்துவதால் அந்தப் பெயர். இன்று காலை கிணற்றடியில், வாழைச்சருகைப் புரட்டிப் புரட்டிப் புழு தேடிக்கொண்டு நின்றது. பச்சை முதுகு, கண்ணை மூடிய கறுப்புப் பட்டை, கட்டை வால், அதனடியில் நல்ல சிவப்பு. நான் வாளியை வைத்த சத்தத்துக்கு மதிலேறி அடுத்த வளவுக்குப் போய்விட்டது.