ஏதென்ஸ் பெண்கள் வீட்டை விட்டு வெளியே வரவில்லையா? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

பண்டைய கிரேக்கப் பெண்கள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள், ரோமானியப் பெண்கள் சுதந்திரமாக இருந்தார்கள் என்று வகுப்பில் சொல்லித்தருகிறார்கள். அவர்களுடைய அன்றாட வாழ்க்கை அப்படித்தான் இருந்ததா?

– ஒரு வரலாற்று மாணவி, மதுரை

அன்புள்ள மாணவிக்கு,

வகுப்பில் சொன்னது முழுப் பொய்யல்ல. ஆனால் வசதி படைத்த ஆண்கள் தங்கள் வீட்டுப் பெண்கள் எப்படி இருக்க வேண்டும் என்று விரும்பினார்களோ, அதுவே அதில் பெரும்பகுதி. அன்றாட நடப்பை அறிய நான் நம்புவது ஏதென்ஸின் நீதிமன்ற உரைகளைத்தான். வழக்கில் வெல்லப் பேசுகிறவர் வீட்டு விஷயங்களையும் போகிற போக்கில் கொட்டிவிடுகிறார்.

மனைவியின் கள்ளக்காதலன் எரடோஸ்தெனீஸைக் கொன்ற யூஃபிலேட்டஸுக்காக, பிறருக்கு நீதிமன்ற உரை எழுதித்தருவதையே தொழிலாகக் கொண்ட லீசியாஸ் எழுதிக்கொடுத்த உரையைப் பாருங்கள். யூஃபிலேட்டஸின் சிறு வீட்டில் மாடி பெண்களுக்கு, கீழ்த்தளம் ஆண்களுக்கு. குழந்தை பிறந்தபின், அதைக் குளிப்பாட்ட ஒவ்வொரு முறையும் படியிறங்கினால் மனைவிக்கு ஆபத்து என்று தான் மாடிக்குப் போய்விட்டு, பெண்களைக் கீழே இருக்கவிட்டதாகச் சொல்கிறார். ஏட்டில் கண்டிப்பாகத் தோன்றும் பிரிவினை, ஒரு கைக்குழந்தை வந்ததும் தலைகீழாகிவிட்டது. ஓர் இரவு கதவுச் சத்தம் கேட்டதைப் பற்றி அவர் விசாரித்தபோது, குழந்தையருகே இருந்த விளக்கு அணைந்துவிட்டதால் பக்கத்து வீட்டில் ஏற்றிவந்ததாக மனைவி பதில் சொல்லியிருக்கிறாள், அவரும் நம்பிவிட்டார். இரவில் அண்டை வீட்டுக்குப் போய்வருவது குடும்பப் பெண்ணுக்கு அடாத செயலாக இருந்திருந்தால் அந்தப் பொய் எடுபட்டிருக்குமா?

ஏழைப் பெண்களின் நிலை இன்னும் வேறு. கி.மு. 345 வாக்கில் தன் குடியுரிமைக்காக வாதாடிய யூக்ஸிதியஸின் தாய் சந்தையில் நாடா விற்றவள். கணவர் போருக்குப் போயிருந்த காலத்தில் வறுமையால் பிறர் குழந்தைக்குப் பால் கொடுத்தவள். அவள் குடிமகளே அல்ல என்பதற்கு எதிராளிகள் இதையே சான்றாகக் காட்டினார்கள். நகரத்துக்கு நேர்ந்த கேடுகளால் எத்தனையோ குடிமகள்கள் செவிலியராகவும் நெசவுக் கூலிகளாகவும் திராட்சை பறிப்பவர்களாகவும் ஆனார்கள் என்பது புகழ்பெற்ற பேச்சாளர் டெமாஸ்தனீஸ் அவருக்கு எழுதித்தந்த மறுமொழி. ஏழைகளின் மனைவியர் வெளியே போவதை எப்படித் தடுக்க முடியும் என்று அரிஸ்டாட்டிலே கேட்டுவிட்டாரே!

ரோமானியப் பெண்ணுக்குச் சொத்து வைத்துக்கொள்ள முடிந்தது, விருந்தில் கணவரோடு அமர முடிந்தது. ஆனால் முக்கியமான சொத்து விவகாரங்களுக்குச் சட்டக் காப்பாளரின் ஒப்புதல் தேவைப்பட்டது. சுதந்திரமாகப் பிறந்தவள் மூன்று பிள்ளைகள் பெற்றால் அந்தக் கட்டிலிருந்து விடுபடலாம் என்றது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் சட்டம். சுதந்திரத்துக்கு மூன்று பிரசவம் விலை என்றால், அக்காலத்துப் பிரசவத்தில் அது உயிரைப் பணயம் வைப்பதுதான். ரோமின் துறைமுக நகரான ஓஸ்டியா அருகே ஸ்கிரிபோனியா அட்டிகா என்ற மருத்துவச்சியின் கல்லறையில் அவளுடைய தொழிலையே புடைப்புச் சிற்பமாகச் செதுக்கியிருக்கிறார்கள்: கர்ப்பிணி பிரசவ நாற்காலியில் அமர்ந்திருக்க, ஒருத்தி பின்னாலிருந்து தாங்குகிறாள், மருத்துவச்சி தாழ்ந்த இருக்கையில் முன்னால் அமர்ந்து கை நீட்டுகிறாள்.

உங்கள் கேள்வியில் அடிமைப் பெண்கள் இல்லை. யூஃபிலேட்டஸ் வீட்டில் சந்தைக்குப் போய்வந்தவள் ஓர் அடிமைப்பெண். எரடோஸ்தெனீஸ் தூதுவிட்டதும் அவள் வழியாகத்தான். வெளியே நடமாடுவதே சுதந்திரத்தின் அளவுகோல் என்றால் அந்த வீட்டுப் பெண்களில் அதிகச் சுதந்திரம் அவளுக்குத்தான் இருந்தது என்று சொல்ல வேண்டியிருக்கும். விஷயம் கசிந்ததும், உண்மையைச் சொல்லாவிட்டால் சாட்டையடி கொடுத்து மாவரைக்கும் ஆலை வேலையில் தள்ளிவிடுவேன் என்று யூஃபிலேட்டஸ் மிரட்டியதும் அவளைத்தான்.