சாட்டிலைட் ரேடியோ வாங்கும் முன் மெயினை அணைத்துப் பாருங்கள்

கேள்வி: மண்டபம் கடலோரத்தில் வீடு. அப்பாவின் பழைய சிற்றலை ரேடியோவில் இப்போது வெறும் இரைச்சல்தான். தெரிந்தவர் ஒருவர் பழைய சாட்டிலைட் ரேடியோவை நாலாயிரத்துக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அவர் கையில் இருப்பது பெரும்பாலும் வேர்ல்டுஸ்பேஸ் என்ற சாட்டிலைட் வானொலிச் சேவையின் பெட்டியாகத்தான் இருக்கும். அந்தச் சேவை இங்கே 2009 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நின்றுபோனது. பெட்டியில் விளக்கு எரியும். வானத்திலிருந்து எதுவும் வராது. "ரீசார்ஜ் செய்தால் பாடும்" என்பார்கள். யாரிடம் ரீசார்ஜ் செய்வது என்று கேளுங்கள், பேச்சு மாறும். பென்டிரைவில் பாட்டை ஓடவிட்டுக் காட்டினாலும் நம்பாதீர்கள், இன்றைய செய்தியைக் கேட்கவைக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டுக் காரில் கழற்றிய சிரியஸ் எக்ஸ்எம் சாட்டிலைட் ரேடியோ என்றால், அந்தச் சேவை வட அமெரிக்காவுக்கு மட்டும்.

சரி, அப்பாவின் ரேடியோவுக்கு வருவோம். எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் சிற்றலையில் இரைச்சல் போடும். இரவு எட்டு மணிக்கு மெயினை அணைத்து, ரேடியோவை பேட்டரியில் போட்டு 31, 41, 49 மீட்டர் என்று குறித்த சிற்றலைப் பகுதிகளில் முள்ளை மெதுவாகத் திருப்புங்கள். அப்புறம் கடற்கரைக்கு எடுத்துப் போய்க் கேளுங்கள். அங்கே தெளிவாகக் கேட்டால் ரேடியோ நல்ல ரேடியோ, கோளாறு வீட்டில்தான். பத்து மீட்டர் பிளாஸ்டிக் உறை வயரை மின்கம்பி பக்கம் போகாமல் இழுத்துக் கட்டி, நுனியைச் சீவி ஏரியலில் சுற்றுங்கள். இடி இடித்தால் உடனே கழற்றிவிட வேண்டும்.

அப்பா தேடுவது பிபிசி தமிழோசையாக இருந்தால், அது 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு வானொலியில் நின்றுவிட்டது. ஒவ்வொன்றாக மூடுகிறார்கள், கேட்கிற கிழவரிடம் ஒரு வார்த்தை கேட்பாரில்லை. எனக்கு ஆறவே இல்லை.

சாட்டிலைட்டில் ஒன்றே ஒன்று உருப்படியானது, தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ். மாதக் கட்டணம் இல்லை, ஆகாசவாணி அலைவரிசைகளும் வரும். ஆனால் டிவியும் கரண்டும் வேண்டும். டிஷ் அசையாமல் நிற்க வேண்டும், அதனால் ஆடும் வள்ளத்தில் ஆகாது. மழை கொட்டினால் படத்தோடு ஒலியும் போய்விடும். அதாவது, புயல் செய்தி வேண்டிய இரவில்தான் அது கைவிடும். அந்த இரவுக்கு அப்பாவின் ரேடியோவே சரி: மத்திய அலையில் 1053 கிலோஹெர்ட்ஸில் தூத்துக்குடி வானொலி நிலையத்தைத் தேடுங்கள். உப்புத்தண்ணீரின் மேல் மத்திய அலை வெகுதூரம் ஓடிவரும்.

புது பேட்டரி வாங்கி வையுங்கள். கேட்காத நாளில் அதை வெளியே எடுத்துவிடுங்கள். உப்புக்காற்றில் முனைகள் பச்சை பிடித்துவிடும்.